கும்பிட்டு நின்ற தலைவர்

கலியமூர்த்தி அண்ணன் போய்விட்டார் என்று குத்தாலத்திலிருந்து போன் வந்தபோது, நான் எங்கள் படத்துக்கு ஒலி சேர்த்துக்கொண்டிருந்தேன். திரையில் அவர் உயிரோடு கத்திக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நாடக மேடையில் பார்த்தவர்களுக்கு அவர் ராஜபார்ட். என் படத்தில், சுமைதூக்கும் தொழிலாளர்களின் போராட்டத்தை ரைஸ்மில் முதலாளியிடம் விற்றுவிட்ட சங்கத் தலைவர். கதை எங்கள் பக்கத்தில் நடந்ததுதான். அந்த நிஜத் தலைவர் இன்னும் பதவியில் இருக்கிறார். "கெட்டவனா நடிக்கிறது சுலபம் தம்பி. அவன் எப்படித் தூங்குறான்னு தெரியணும்" என்பார் அண்ணன்.

நெல் கொள்முதல் நிலையத்தில் படப்பிடிப்பு. நடிக்க வந்தவர்களும் நிஜமாகவே மூட்டை தூக்குகிறவர்கள். தலைவர் எதிரில் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வது அவர்கள் வழக்கம். காட்சிப்படி, போராட்டம் முடிந்தது என்று அண்ணன் அறிவித்ததும் அவர்கள் அவர் முன்னாலேயே துண்டைத் தலையில் கட்ட வேண்டும். நீ எங்களுக்குத் தலைவனே இல்லை என்று அதற்கு அர்த்தம்.

கேமரா தயாரானபோது ஒரு கார் வந்து நின்றது. நிஜத் தலைவர் இறங்கி, நாற்காலி போடச் சொல்லி, என் பக்கத்தில் உட்கார்ந்தார். அதன்பிறகு ஒருவர் கையும் துண்டைத் தூக்கவில்லை. ஆத்திரத்தில் நான் அவர்களைப் பார்த்துக் கத்தப் போனேன். அண்ணன் தடுத்தார்.

"நாம படத்தை முடிச்சிட்டுக் கெளம்பிடுவோம். நாளைக்கு மூட்டைக்கு ஆள் எடுக்குறது அவரு. இவங்க வயித்துல அடிச்சிடாதீங்க தம்பி."

பிறகு வேஷத்தோடேயே நேராகத் தலைவரிடம் போனார்.

"ஐயா, போராட்டம் முடிஞ்சுதுன்னு சொன்ன அன்னிக்கு இவங்க முன்னாடி எப்படி நின்னீங்க? தப்பா நடிச்சிடக் கூடாது பாருங்க."

காரருகே நின்ற ஆட்கள் முன்னே வந்தார்கள். தலைவர் கையமர்த்தி அவர்களை நிறுத்திவிட்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"கும்பிட்டேன்யா. ஒருத்தனும் திருப்பிக் கும்பிடல."

அப்படியே எடுத்தோம். அண்ணன் கும்பிட்டார். தொழிலாளர்கள் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. கையைத் தொங்கப் போட்டு நின்றார்கள். அண்ணனின் கை இறங்கவே இல்லை. கட் சொல்லித் திரும்பினால் நாற்காலி காலி. மறுநாள் அத்தனை பேருக்கும் வேலை கிடைத்ததை விசாரித்துச் சொன்னதும் அண்ணன்தான்.

மேடையில் அவரை அறிந்தவர்களே, அவர் பாட்டும் வசனமும் உங்களிடம் இருக்கட்டும். அந்தத் தலைவரை நான் இன்றும் மன்னிக்கவில்லை. ஆனால் அந்தக் கும்பிட்ட கை தனியாக நிற்பதைத் திரையில் பார்த்தால் பதிலுக்குக் கும்பிட என் கை எழுகிறது. இந்தச் சங்கடத்தைத்தான் அண்ணன் எனக்கு விட்டுப் போயிருக்கிறார். வைத்துக்கொள்கிறேன்.