அக்காவுக்கு எடுத்த ரத்தம்

கல்யாணமான நான்காம் வருடம், மாமா அக்காவைச் சிங்கவரத்துக்குக் கொண்டுவந்து எங்கள் வீட்டு வாசலில் விட்டார். உள்ளே வரவில்லை.

"சோம்பேறியக் கட்டி வச்சிட்டீங்க. ஒரு புள்ளையும் தங்கல. வச்சிக்கினு இன்னா பண்றது?" என்று நைனாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. முகம் ஊதியிருந்தது, குரல் கரகரத்தது. கழுத்தில் ஒரு வீக்கம். சித்திரை வெயிலிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குளிருது என்றாள். மல்லாட்டை உரிக்க உட்கார்ந்தால் ஒரு கடலைக்காயைக் கையில் வைத்தபடி அப்படியே இருப்பாள். அம்மா மந்திரித்துக் கயிறு கட்டினாள். நானும் திட்டியிருக்கிறேன்.

நான் அப்போது செஞ்சியில் பள்ளி ஆசிரியர். அங்கே அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேலூருக்குக் கடிதம் எழுதித் தந்தார். இரண்டு பஸ் மாறிப் போனோம்.

"கழுத்துல இருக்கிற சுரப்பிய இவங்க உடம்பே எதிரின்னு நெனச்சு அழிக்குதோன்னு சந்தேகம். ரத்தத்துல தெரியும்" என்றார் அங்கிருந்த டாக்டர். ஊதிய கையில் நரம்பு கிடைக்கவில்லை. மூன்று முறை குத்தினார்கள். அக்கா முகம் சுளிக்கக்கூட இல்லை.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. சந்தேகம் சரிதான்.

"அப்ப சோம்பல் இல்லீங்களா?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"நோய்ங்க. புள்ள தங்காததுக்கும் இதுவே காரணமா இருக்கலாம்."

அந்தக் காகிதத்தோடு அவலூர்பேட்டைக்கு, மாமா வீட்டுக்குப் போனேன். களத்தில் புதுத் தாலியோடு ஒருத்தி நெல் துழாவிக்கொண்டிருந்தாள். மாமா காகிதத்தைப் பிரிக்காமலே திருப்பித் தந்தார். "இப்ப வந்து சொல்றியே" என்றார்.

மாமா வேறு கல்யாணம் செய்துகொண்டதை அக்காவிடம் இரண்டு முறை சொன்னோம். இரண்டு முறையும் "சரி" என்றாள்.

மாத்திரை தொடங்கி இரண்டு மாதத்தில் வீக்கம் வடிந்தது, குரல் திரும்பியது. ஒருநாள் காலை தலை வாரிக்கொண்டே கேட்டாள்: "அவரு ஏம்மா என்னைப் பாக்கவே வரல?"

அம்மா மூன்றாம் முறையாகச் சொன்னாள். இந்த முறை அது அவளுக்குள் போனது. அன்று முழுக்க அழுதாள்.

மறுநாள் மாத்திரையைத் தள்ளிவிட்டாள். "வேணாண்டா. அப்பல்லாம் ஒண்ணும் தெரியல. அதே நல்லா இருந்திச்சு."

நான் மாத்திரையை எடுத்து மறுபடி அவள் கையில் வைத்தேன். அவள் விழுங்கும்வரை அங்கேயே நின்றேன். அன்று பள்ளிக்குத் தாமதமாகத்தான் போனேன்.