கத்தவில்லை, கூப்பிட்டேன்

கைபேசியை முகத்துக்கு நேரே ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார். எதிர்முனையில் இருப்பவரின் காது பாவம் என்கிற நல்லெண்ணம். முப்பது வருடமாகத் தகரப் பட்டறையில் மேஸ்திரி. சுத்தியல் அடிக்கு நடுவே பேசிப் பழகிய தொண்டை வீட்டுக்கு வந்தும் இறங்குவதில்லை. பட்டறையில் அவருக்கு ஒலிபெருக்கி என்று பெயர். அது தெரியாததுபோலவே நடந்துகொள்வார்.

தகடு வெட்டும் இயந்திரத்துக்குள் யாருடைய கையாவது கவனப்பிசகாகப் போனால், இவர் போடும் ஒரே சத்தத்தில் விரல் பத்தும் பத்திரமாக வெளியே வந்துவிடும். அப்படித் தப்பிய விரல்கள் பட்டறையில் நிறைய. ஆனால் மேஸ்திரி கத்தினார் என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கிவிடும். “கத்தல, கூப்பிட்டேன்” என்பார்.

இதற்கு அவரிடம் ஓர் இலக்கணமே உண்டு. ஆடு கத்தும், காக்கை கத்தும், பசித்தால் குழந்தை கத்தும். யார் வரவேண்டும் என்று தெரிந்து வாயைத் திறந்தால்தான் அது கூப்பிடுவது. வாயின் இரு பக்கமும் கைகளைக் குவித்துக் காட்டி, கை கூப்புகிற கூப்புதான் இந்தக் கூப்பிடு என்று அடித்துச் சொல்வார். “கும்பிடுற கையாலதான் கூப்பிடுறோம். இதுல கோவம் எங்க இருக்கு?”

மகளிடம் இந்த இலக்கணம் செல்லுபடியாகவில்லை. நான்கு மாதத்துக்கு முன் அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி, அலுவலக வாசலில் தோழிகளோடு நின்றவளைத் தெருக்கோடியிலிருந்து கூப்பிட்டார். தெருவே திரும்பியது. உங்க அப்பா ஏன் திட்டுகிறார் என்று ஒருத்தி கேட்டுவிட்டாள். அன்று மாலை மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: “சின்னதுலேருந்து நீங்க கத்துறதத்தான் கேட்டிருக்கேன்ப்பா.”

“கத்தலம்மா, கூப்பிட்டேன்” என்றார், பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்படும் அளவுக்கு.

மறுவாரமே அவள் இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடியில் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்பாவிடம் பேச்சில்லை. கூப்பிடு தூரம்தானே என்று மனைவியிடம் சிரித்துச் சமாளித்தார். அவள் சிரிக்கவில்லை. கத்தலா, கூப்பிடலா என்று கேட்கிற காதுதான் சொல்லவேண்டும் என்றாள்.

நியாயம் கேட்கத் தன் வீட்டு மாடியில் குடியிருப்பவரிடம் போனார். அச்சகத்தில் பிழை திருத்துபவர். அவர் அகராதியைப் புரட்டிவிட்டு, கை கூப்புவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கூ என்று குரல் எழுப்புவதிலிருந்து வந்த சொல், கூவலும் கூப்பாடும் இதற்கு உடன்பிறப்பு என்றார். மேஸ்திரி அகராதியை வாங்கி அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தார்.

“அப்ப ரெண்டும் ஒரே சத்தந்தானா சார்?”

அதை அவ்வளவு மெதுவாகக் கேட்டாராம். பிழைதிருத்துபவர் பயந்துபோய், உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரித்திருக்கிறார்.

ஞாயிறுதோறும் மனைவி மகளைப் பார்க்க மாடி ஏறுவாள். இவர் எதிர் நடைபாதையில் நிற்பார். பட்டறையே நடுங்கும் மனிதர் அங்கே ஓரமாக, யாருக்கும் இடைஞ்சலில்லாமல் நிற்பதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். போன ஞாயிறு மகள் காய்ந்த துணி எடுக்க பால்கனிக்கு வந்தாள். கீழே பார்த்துவிட்டாள். பழக்கதோஷம், இவர் கைகள் வாயின் இரு பக்கமும் எழுந்து குவிந்தன. அவள் கொடிக்கயிற்றைப் பிடித்தபடி தோள் இறுக நின்றாள்.

இழுத்த மூச்சை அவர் அப்படியே விட்டார். குவிந்த கைகள் வாயைவிட்டு இறங்கின. மெல்ல நெருங்கி, ஒன்றோடொன்று சேர்ந்து, நெஞ்சுக்கு நேரே கூப்பி நின்றன.