பேராச்சி ஆடிய கடைசிக் கொடை

பேராச்சி அத்தைக்கு இரண்டு குரல் உண்டு. சாதாரண நாளில் அவள் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும். தோல் அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் உப்பு உதறும் வேலை அவளுக்கு. அந்த உப்பெல்லாம் தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது என்று என் அம்மா சொல்வாள். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை முத்தாரம்மன் கொடைத் திருவிழாவில் சாமி வந்துவிட்டால், அதே தொண்டையிலிருந்து கிளம்பும் சத்தம் ரயில் தண்டவாளத்தைத் தாண்டி மாஹிம் வரைக்கும் கேட்கும் என்று எங்கள் ஆட்கள் பெருமையடிப்பார்கள். மாஹிம்காரர்கள் யாரும் கேட்டதாகச் சொல்லி நான் அறியேன்.

நாங்கள் இருந்தது தாராவியிலேயே ஒதுக்குப்புறமான மூலை. தோல் ஷெட்டுகளுக்குப் பின்னால், சதுப்பில் மண்ணையும் கழிவுத் தோலையும் கொட்டிக் கொட்டி உயர்ந்த ஒரு திட்டு. நாங்கள் மேடு என்போம். முனிசிபாலிட்டிக்காரர்கள் 'பேட்' என்பார்கள். மராட்டியில் தீவு. அவர்கள் சொன்னதுதான் சரி. மழை பிடித்துக்கொண்டு கடலும் ஏறினால் எங்களுக்கு நாலு பக்கமும் தண்ணீர்தான். பலகை போட்டுத்தான் வெளியே போகவேண்டும், பலகையும் மிதந்து போய்விட்டால் அவ்வளவுதான். பெரியவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வேலைக்குப் போவார்கள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தாலும் பேதி வந்தாலும் தண்ணீர் வடியும்வரை காத்திருக்கவேண்டும். பம்பாயின் நடுவில் இருந்துகொண்டு பம்பாய்க்குப் போக முடியாமல் கிடந்தோம்.

பள்ளிக்கூடமும் எங்களுக்கு இல்லை. பெரிய ரோட்டுப் பக்கம் முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கத்தான் செய்தது. சேர்க்கப் போனால், பெயரைக் கேட்பதற்கு முன்னால் சட்டைக்கையைத் தூக்கிப் பார்ப்பார்கள். அம்மை குத்திய வடு இல்லையென்றால் வந்த வழியே திரும்பவேண்டியதுதான். எங்கள் மேட்டில் ஒரு பிள்ளைக்கும் வடு கிடையாது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் ஆட்களுக்கு அம்மை என்பது நோய் இல்லை, முத்தாரம்மன் வீடு தேடி வருவது. வருகிறவளை ஊசியால் குத்தித் துரத்துவதாவது! இந்த விஷயத்தில் என் அம்மா முருகம்மாள் எல்லாரையும்விடக் கறார்.

அறுபத்திரண்டு கடைசியில், அம்மை குத்துகிறவர்கள் முதல் தடவையாக மேட்டுக்கு வருகிறார்கள் என்று தெரிந்ததும் அம்மா ஒரு காரியம் செய்தாள். எங்கள் ஊரில் வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் வேற்று ஆள் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கமாட்டான், உள்ளே அம்மன் இருக்கிறாள் என்று ஒதுங்கிப் போய்விடுவான். அதனால் எல்லா வீட்டு வாசலிலும் வேப்பிலை செருகச் சொன்னாள். வந்தவர்கள் பார்த்தார்கள், நோட்டில் குறித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். மேடே சிரித்தது. மறுநாள் தொற்று ஆஸ்பத்திரி வண்டியும் கூடவே போலீசும் வந்து நின்றன. வீட்டுக்கு வீடு அம்மை என்றால் முனிசிபாலிட்டி சும்மா இருக்குமா? அம்மாவுக்கு அது தோன்றவே இல்லை. எங்களையெல்லாம் தோல் குவியலுக்கு நடுவில் ஒளித்துவைத்தார்கள். அதற்குப் பிறகு எங்கள்மேல் அடித்த நாற்றத்தில் பெற்றவர்களே கிட்ட வரவில்லை.

அடுத்த மாசியில் நிஜமாகவே அம்மை வந்தது. யார் வீட்டில் கண்டாலும் பேராச்சி அத்தையைத்தான் கூப்பிடுவார்கள். அவள்தான் வேப்பிலை செருகுவாள், பிள்ளைக்கு விசிறிக்கொண்டு பக்கத்திலேயே இருப்பாள், இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவாள். இறங்காமல் போனால் கடைசிக் குளியலும் அவள் கையால்தான். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனாலேயோ என்னவோ, போன பிள்ளை ஒவ்வொன்றையும் தன்னுடையதைப் போலத்தான் அழுதாள். அந்த மாசியிலும் பங்குனியிலும் அவள் அழுது முடிக்க நேரமில்லாமல் அடுத்த வீட்டிலிருந்து ஆள் வந்துகொண்டே இருந்தது.

கடைசியாகப் போனது ஹமீதின் மகள் நஸீரா, நாலு வயசுக் குழந்தை. ஹமீது முன்பு கப்பலில் சமையல் வேலை பார்த்தவர், பிறகு தோல் ஷெட்டுக்கு வந்துவிட்டார். தாயில்லாப் பிள்ளை என்பதால் படுத்த நாளிலிருந்து அவர் அவளை மடியைவிட்டு இறக்கவில்லை. அவளுடைய அம்மை முத்தெல்லாம் அவர் மேலேயே உடைந்து ஒட்டியது. பிள்ளை போய்விட்டாள். அவர்மேல் ஒரு கொப்புளம்கூட இல்லை.

அடக்கம் முடிந்து வந்து உட்கார்ந்திருந்தவரிடம் அத்தை கேட்டாள்.

"ஒனக்கு ஏன் ஹமீது வரல?"

"கப்பல்ல ஏத்துறப்ப ஊசி குத்துனாக அக்கா. குத்தாம ஏத்த மாட்டாக. நான் தப்பிச்சிட்டேன். எம்புள்ளைக்குக் குத்தாம விட்டுட்டேனே."

அத்தை அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து ஒவ்வொரு வீடாகப் போய், அந்தக் கேட்காத குரலில், பிள்ளைகளுக்குக் குத்திக்கொள்ளச் சொல்லிப் பார்த்தாள். யாரும் காதில் வாங்கவில்லை. என் அம்மா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்.

"மைனி, நீங்க சொல்லி நான் கேக்க முடியாது. ஆத்தா சொல்லட்டும். கொடையில ஒங்க மேல வந்து அவ வாயால சொல்லட்டும், மொத ஆளா எம்புள்ளயக் கொண்டாந்து நிறுத்துதேன்."

மற்ற பெண்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஆத்தா சொல்லட்டும்.

இது மீனாட்சியம்மாள் காதுக்கும் எட்டியது. மாட்டுங்காவிலிருந்து வரும் அம்மை குத்துகிற அம்மாள் அவர். எங்கள் மேட்டில் விளக்குமாற்று அடி வாங்கியும் திரும்பத் திரும்ப வந்த ஒரே ஆள். வைகாசியில் ஒருநாள் பலகை ஓரத்தில் அத்தையைப் பிடித்துக்கொண்டார். நான் அங்கேதான் நண்டு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நீ சாமி வந்து ஆடறச்சே ஒரு வார்த்தை சொல்லிடேன், பேராச்சி. மழை வந்துடுத்துன்னா என்னால உள்ளயே வர முடியாது. அடுத்த மாசிக்குள்ள இன்னும் எத்தனை குழந்தை போறதோ!"

அத்தைக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அது நான் பேசுத பேச்சு இல்லம்மா. அவ பேசுவா. அவ வாயில எஞ்சொல்ல வச்சா நான் வெளங்குவனா?"

மீனாட்சியம்மாள் மேலே வற்புறுத்தவில்லை. கொடையன்றைக்கு மருந்துப் பெட்டியோடு வந்து பலகைப் பக்கமே நிற்கிறேன், கூப்பிட்டால் வருகிறேன், இல்லாவிட்டால் போய்விடுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அத்தை என்னைப் பார்த்தாள். "ஆத்தாட்ட நாந்தான் கேக்கணும்" என்று முணுமுணுத்தபடி அவளும் போனாள். அவள் உண்மையாகவே நம்பினாள். பிள்ளைகள் சாவதைப் பார்த்துக்கொண்டு முத்தாரம்மன் சும்மா இருக்கமாட்டாள், வந்து சொல்லிவிடுவாள் என்று நம்பினாள்.

கொடை வந்தது. மத்தியானப் பூஜை. ஷெட்டுத் தகரமெல்லாம் காய்ந்து தகதகத்தது. ஒரு பெரிய அண்டாவில் மஞ்சள் நீர் கொதித்துக்கொண்டிருந்தது. சாமி வந்ததும் பாக்குமரத்துக் கமுகம்பூக் கொத்தை அதில் முக்கி, கொதிக்கக் கொதிக்க மேலெல்லாம் அடித்துக்கொள்வது எங்கள் வழக்கம். அம்மன் உள்ளே இருந்தால் அது சுடாது. அத்தைக்கு ஒருநாளும் சுட்டதில்லை.

மேளம் முழங்கியது. மற்ற வருஷங்களில் மேளம் சூடு பிடிப்பதற்குள் அத்தைக்குப் பெரிய கொட்டாவி ஒன்று வரும், இடது கால் நடுங்கத் தொடங்கும். அன்று ஒன்றும் வரவில்லை. கைகூப்பியபடி நின்றாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மேளக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இன்னும் வேகமாக அடித்தார்கள். வேர்த்து வழிந்தது, சாமி வரவில்லை. "ஊசியப் பத்திப் பேசுனால்லா, அதான் ஆத்தா மொகத்தத் திருப்பிக்கிட்டா" என்று எனக்குப் பின்னால் ஒருத்தி சொன்னாள். கூட்டம் அதை வாய்க்கு வாய் கைமாற்றியது. பலகைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மீனாட்சியம்மாள் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றிருந்தார்.

அத்தை கண்ணைத் திறந்தாள். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஹமீது ஓரமாக நின்றதையும் பார்த்தாள். பிறகு கொண்டையைப் பிரித்துவிட்டு ஆடத் தொடங்கினாள்.

குலவை எழும்பியது. நேரே அண்டாவுக்குப் போனாள். கமுகம்பூவை முக்கித் தலையிலும் தோளிலும் முதுகிலும் அடித்தாள், ஒருமுறை இல்லை, பூவெல்லாம் உதிர்ந்து காம்பு மிஞ்சும்வரை. ஆவி பறந்தது. அந்தப் பெரிய குரல் வந்தது.

"எம்புள்ளயளுக்குக் குத்துங்க! ஒரு புள்ளய ஒளிக்கப்படாது! குத்துன கையில நான் காவல் இருப்பேன்!"

பெண்கள் ஓவென்று அழுதுகொண்டு காலில் விழுந்தார்கள். அத்தை எல்லாருக்கும் திருநீறு பூசிவிட்டுத்தான் மறைப்புக்குள் வந்தாள். சாமியாடி வந்ததும் ஈரச்சேலை மாற்றிவிடுவது எப்போதும் என் அம்மாதான். மறைப்புச் சேலையின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா ஈரத்துணியை விலக்கினாள். அத்தையின் தோளிலிருந்து இடுப்புவரை தோல் வெந்து கொப்பளித்துக் கிடந்தது.

"மைனி..."

"அவ வரல முருகம்மா." பழைய குரல், பாதிதான் கேட்டது. "எவ்வளவு கூப்பிட்டேன் தெரியுமா? வரவே இல்ல. நானாத்தான் ஆடுனேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "வெளிய போய்ச் சொல்லணும்னா சொல்லு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

அம்மன் பெயரில் பொய் சொன்னவளை எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று எனக்கே தெரியும். அம்மாவுக்குத் தெரியாதா? ஒரு பழைய மெல்லிய மல்துணியை எடுத்து, தொட்டும் தொடாமலும் அத்தையின் முதுகில் போர்த்தினாள். அதன்மேல் காய்ந்த சேலையைச் சுற்றி ஒரு கொப்புளம்கூட வெளியே தெரியாமல் மூடினாள். பிறகு மறைப்புக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினாள்.

"எங்க அந்த ஊசிக்காரம்மா? கூப்பிடுங்க! மொதல்ல எம்புள்ளைக்குக் குத்தட்டும்!"

என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். அந்தக் காலத்து அம்மை ஊசி ஒரு சின்ன வட்டத்தில் முள் முள்ளாக இருக்கும். தோலில் வைத்து ஒரு திருகு திருகுவார்கள். நான் அலறினேன். அம்மா என் காதருகே குனிந்தாள்.

"சத்தங்காட்டாதட்டி. அங்க ஒருத்தி வெந்துபோய் ஒரு முனகல்கூட இல்லாம ஒக்காந்திருக்கா."

நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்குப் பின்னால் மேட்டுப் பிள்ளைகள் எல்லாரும் நின்றார்கள்.

அத்தைக்குக் காய்ச்சல் கண்டது. அம்மனை இறக்கிய உடம்பு அசந்துபோயிருக்கிறது என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, அம்மா தினமும் கதவைச் சாத்திக்கொண்டு விளக்கெண்ணெய் தடவினாள். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. சட்டைக்கையைத் தூக்கிக் காட்டிவிட்டு நாங்கள் உள்ளே போனோம். இதைத் தமிழில் எழுத எனக்குக் கை வருகிறது என்றால் அது அந்த வடு கொடுத்தது. அதற்குப் பிறகு எங்கள் மேட்டில் யாருக்கும் பெரியம்மை வரவில்லை. அதனால் அத்தையை யாரும் தேடி வரவும் இல்லை. அவளும் கிட்டங்கிக்குப் போனாள், வந்தாள். ஆண்டுதோறும் மழைக்கு முன்னால் மீனாட்சியம்மாளைக் கைபிடித்துப் பலகையைத் தாண்டவைத்து, புதிதாகப் பிறந்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளைக் காட்டுவது மட்டும் அவள் பொறுப்பு.

கொடையில் அவள் பிறகு ஆடவில்லை. "வயசாயிட்டு" என்றாள். நாற்பதுகூட ஆகவில்லை. வேறொருத்தி ஆடினாள். அத்தை கூட்டத்தோடு கூட்டமாக, கடைசி வரிசையில், கைகூப்பி நிற்பாள். ஏன் அங்கே நிற்கிறாள் என்பது அம்மாவுக்கும் எனக்கும்தான் தெரியும். ஆத்தா தன்னை மன்னித்துவிட்டாள் என்றால் ஒருநாள் திரும்பி வருவாள் என்று அவள் காத்திருந்தாள்.

அறுபத்தொன்பது கொடையிலும் அப்படித்தான் நின்றாள். மேளம் உச்சத்துக்குப் போனது. அம்மா சாமியாடுகிறவளைப் பார்க்கவில்லை, அத்தையின் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். மேளம் நிற்கும்வரை அந்தக் கால் அசையவில்லை.

"இந்த வருசமும் இல்ல" என்றாள் அத்தை மெதுவாக.

அம்மா தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். "ஆத்தாதான் ஒங்களைப் பாத்து வெக்கப்பட்டுக்கிட்டு நிக்கா மைனி" என்றாள். "வாங்க, சாப்பிடுவோம்."