ஏணியால் இறங்கிப் பார்க்கிறவர்

“பாலத்தில நிண்டு பாக்கிறேல்லை நான். கீழ இறங்கித்தான் பாக்கிறனான்” என்றார் குணசேகரம்.

மனைவி கலாவதி எதுவும் கேட்டிருக்கவில்லை. சூரிச்சில் பிள்ளை பெற்றிருக்கும் மகளின் பத்தியக்கறிக்குச் சரக்குத்தூள் வறுத்துக்கொண்டிருந்தாள். “ஓமப்பா, எனக்குத் தெரியும். வாற சனமெல்லாத்துக்கும் இதைத்தானே சொல்லுறியள்.”

பிரெஞ்சு பேசுகிற ஊரான ரெனானுக்கு வந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு பக்கத்து நகரசபையில் வெளிவேலைக்குச் சேர்ந்தவர் குணசேகரம். அங்கே ஆற்றின் நீர்மட்டத்தை அளக்கப் பாலத்தில் ஒரு மெசின் இருக்கிறது. அது பிழைவிடுகிறதா என்று பார்க்க, தினமும் காலை ஏழு மணிக்கு ஒருவர் ஏணியால் இறங்கி, தண்ணீரில் நட்டிருக்கும் அளவுகோலைப் பார்த்துத் தாளில் எழுதவேண்டும். ஆறு வருடமாக அந்த ஒருவர் அவர்தான். பனியிலும் விட்டதில்லை.

பேத்தி பிறந்ததும் அவருக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. லீவு கேட்டிருக்கலாம். ஆனால் எங்கள் ஆட்களுக்குள் ஒருவர் வேலையை மற்றவர் பார்த்துவிடுவதுதான் வழக்கம், மேலிடத்தில் சொல்வதில்லை. கூட வேலைசெய்யும் தயாபரனிடம், மூன்று நாள் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவனை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவர்தான்.

“நீங்கள் போய்ப் பேத்தியைக் கொஞ்சுங்கோ அண்ணை. தாளில உங்கட பெயரிலயே எழுதிவிடுறன்.”

மூன்று நாளும் மழை. மெசினுக்குக் கீழே ஒரு மரக்கிளை வந்து சிக்கிவிட, அது ஒரே இலக்கத்தையே காட்டிக்கொண்டிருந்தது. தாளிலும் மூன்று நாளும் அதே இலக்கம். நான்காம் நாள் ஆறு கரையோரத் தோட்டங்களுக்குள் புகுந்தது.

பொறுப்பாளர் இருவரையும் கூப்பிட்டு விசாரித்தார். “எனக்கு ஒன்றும் தெரியாது, அது அவருடைய வேலை” என்று தயாபரன் பிரெஞ்சில் சொன்னான். குணசேகரத்தின் பக்கம் திரும்பவேயில்லை. தான் மூன்று நாளும் ஊரில் இருக்கவில்லை என்று குணசேகரம் சொன்னால் அதுவும் குற்றம். அவருக்கு எச்சரிக்கைக் கடிதம். கோல் பார்க்கும் வேலை தயாபரனுக்கு.

அன்று பின்னேரம் தயாபரன் வீட்டுக்கு வந்தான். “சத்தியமா இறங்கிப் பாத்துத்தான் எழுதினனான் அண்ணை. அந்தாள் கேக்கேக்கை பயந்திட்டன்.”

குணசேகரம் அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்து, பேத்தியின் படத்தையும் காட்டி அனுப்பினார். அவனை நம்பத்தான் அவருக்கு விருப்பம்.

இன்று காலை ஆறரைக்குத் தயாபரன் போன் எடுத்தான்.

“அண்ணை, கீழ இறங்கிற ஏணி பாலத்துக்கு எந்தப் பக்கம் இருக்கு?”

குணசேகரம் போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

“மெசினைப் பார், தம்பி. போன கிழமையும் அதைத்தானே பாத்தனீ.”