பதினோரு மணியடி

மே 10, சனி, காலை 10.40, தூறல். மவுண்ட் ரோஸ்கில்லில் ஓர் ஆங்கிலிக்கன் ஆலய வாசல். ஆறு வருடத்தில் மூன்று சபை மாற்றப்பட்ட என் மகள் இங்கே குருவாகப் பொறுப்பேற்கிறாள். பேராயர் சார்பில் சபையை ஒப்படைப்பது காலங்காலமாக ஆர்ச்டீக்கனின் வேலை. அவர் அவள் கையைப் பிடித்துக் கதவின் சாவியில் வைக்கிறார். அவள் உள்ளே போய் மணிக்கயிற்றை இழுக்கிறாள்.

பக்கத்தில் நிற்கும் யாழ்ப்பாணத்து அம்மா, "எண்ணுங்கோ ஐயா. எத்தனை தரம் அடிக்கிறாவோ அத்தனை வருசம் இஞ்ச இருப்பாவாம். முந்தின பாதர் ரெண்டோட விட்டவர், ரெண்டே வருசத்தில போயிட்டார்" என்கிறார்.

"என் மகதாம்மா. எண்ணிக்கிட்டேதான் இருக்கேன்."

ஒன்பதைத் தாண்டும்போது ஆர்ச்டீக்கன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அவள் நிறுத்தவில்லை. பதினொன்று.

காணிக்கைக்கு இருபது டாலர் போதுமென்று வந்தவன், தட்டில் நூறு டாலர் போடுகிறேன்.