திருவாதிரைக்கு அம்மா வைத்த பொட்டு

அம்மா மறைந்து ஓராண்டு நிறையும் இன்று வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதால், இதை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

அம்மா பிறந்தது கிருஷ்ணகிரிப் பக்கம். கல்யாணமாகி நகரத்துக்கு, மர்பி டவுனுக்கு வந்தார். எனக்கு மூன்று வயதில் அப்பா தவறிவிட, கோளரங்கத்தில் பெருக்கித் துடைக்கும் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தார். கூடத்தின் நடுவே பெரிய கட்டெறும்பு போல் நிற்கும் நட்சத்திரக் கருவியைத் தொடக் கூடாது என்பது அங்கே முதல் விதி. கதவோரம் நின்று கேட்டே அம்மாவுக்கு வானம் மனப்பாடமாயிற்று. பெரிய நட்சத்திரங்களுக்குக் கருவியில் தனித்தனிக் கண்ணாடி உண்டு. என் ஜென்ம நட்சத்திரமான திருவாதிரைக்கு எது என்று கருவியை இயக்கும் ஆபரேட்டர் சாரிடம் கேட்டு வைத்திருந்தார்.

நான் பத்தாவது படித்த வருடம், ஆயுத பூஜையன்று சார் கருவியின் காலில் குங்குமம் வைத்துவிட்டுப் போனார். பின்னாலேயே போய் அம்மா அந்தக் கண்ணாடியில் ஒரு பொட்டு வைத்துவிட்டார்.

விடுமுறை முடிந்து முதல் காட்சி. "இதோ திருவாதிரை" என்று அம்புக்குறி போய் நின்ற இடத்தில் வெறும் இருட்டு. பள்ளிப் பிள்ளைகள் சிரித்தார்கள். காட்சி முடிந்ததும் சார் தன் உதவியாளரைத் திட்டத் தொடங்கினார். வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று தெரிந்தும் அம்மா முன்னால் போய் நின்றார்.

"அவர ஒண்ணும் சொல்லாதீங்க சார். நான்தான் பொட்டு வச்சேன்."

"ஏம்மா, இவ்ளோ பெரிய மெஷின்ல ஒனக்குக் கண்ணாடிதான் கெடச்சுதா?"

"பையன் நட்சத்திரம் சார். பத்தாவது எழுதப் போறான்."

"கண்ணத் தொறந்து பாருன்னு வேண்டிக்கிட்டு, கண்ணையே மூடிட்டு வந்திருக்க."

சார் தானே துடைத்தார். ஆபீஸில் "லென்ஸ்ல அழுக்கு, சரியாயிடுச்சு" என்று முடித்துக்கொண்டார். அடுத்த வருடம் குங்குமக் கிண்ணத்தை அம்மாவிடமே கொடுத்தார். "நீயே வைம்மா. காலோட நிறுத்திக்கோ."

நான் பாஸானதில் பாதி அந்தப் பொட்டால்தான் என்பார் அம்மா. மீதியை எனக்கு விட்டுக்கொடுத்திருந்தார்.

கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்த சித்திக்கும், தினம் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டு அக்காவுக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் நன்றி.

சாருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இப்போது காட்சிகள் கம்ப்யூட்டரில் ஓடுகின்றன. பழைய கருவி முன்கூடத்தில் பார்வைக்கு நிற்கிறது. ஓய்வுபெற்ற சார் இந்த ஆயுத பூஜைக்கு என்னை அங்கே அழைத்துப் போனார். குங்குமத்தோடு கருவியின் காலருகே குனிந்தேன்.

"அங்க இல்லப்பா," என்றார். "இனிமே அது யாருக்கும் மறைக்காது. அம்மா வச்ச எடத்துலயே வை."

வைத்தேன்.