கிராமபோன் திருகு

என் தம்பி இரங்கூனுக்குப் பாய்க்கப்பல் ஓட்டியவன். கலியாணம் முடிந்த வருடம் மனைவிக்கு ஒரு கிராமபோன் பெட்டியும் ஆறு இந்துஸ்தானிச் சங்கீதத் தட்டுகளும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மறுபடி கடலேறினான். பருத்தித்துறை வீட்டில் நானும் அவளுமாக இரண்டு பெண்கள் மட்டும். மத்தியானச் சமையல் முடிந்ததும் அவள் அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே இரண்டு குரல் கேட்கும். ஒன்று ஆண்குரல்.

கதவில் காது வைத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், வைத்தேன். தட்டு பாடப் பாட அவளும் கூடவே பாடிக்கொண்டிருந்தாள். அப்போதும் என் சந்தேகம் அடங்கவில்லை. புருசன் கடலில் இருக்க, புரியாத பாஷையில் இவளுக்கென்ன பாட்டு? எந்த நாடகக்காரனோடு புறப்படப் போகிறாளோ? தம்பிக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

ஒருநாள் அவள் கிணற்றடிக்குப் போன சமயம், மாவிடித்த கையோடு போய், பெட்டியின் வேகத்தைக் கூட்டும் திருகைத் திருகிவிட்டேன். பாட்டு தலைதெறிக்க ஓடினால் அலுத்துப்போய் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ பாட்டைத் துரத்தினாள். குரல் உடைந்தது, இருமினாள், மறுநாளும் துரத்தினாள். இரண்டு வருடத்தில் தட்டை எட்டிப் பிடித்துவிட்டாள்.

பிறகு கடலிலிருந்து வந்த தம்பியே, நாடகக் கொம்பனியில் ஆர்மோனியம் வாசித்த மராட்டியர் ஒருவரைப் பிடித்து அவளுக்கு ராகங்களை முறையாகப் பழக்குவித்தான். நான் வாசலில் கதிரை போட்டுக் காவலிருந்தேன். இருவரும் பாட்டைத் தவிர வேறெதையும் கவனிக்கவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

பல வருடம் கழித்துக் கொழும்பில் அவளுடைய கச்சேரி. வடநாட்டு வியாபாரிகளால் மண்டபம் நிறைந்திருந்தது. மின்னல் வேகத்தில் அவள் ஸ்வரங்களைப் பொழிந்தபோது, வடக்கிலிருந்து வந்திருந்த வயதான வித்துவான் ஒருவர் எழுந்தே விட்டார். இந்த வேகத்தைப் பழக்கியது யார் என்று அவர் கேட்டதை ஒருவர் தமிழில் சொன்னார்.

அவள் முன்வரிசையில் இருந்த என்னைக் காட்டினாள். "என்ரை மச்சாள்."

மண்டபம் கைதட்டியது. நான் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டேன்.

திரும்பும்போது ரயிலில் அநுராதபுரம் தாண்டும்வரை பொறுத்திருந்து கேட்டேன்.

"எப்ப தெரியும் உமக்கு?"

"அண்டைக்கே தெரியும் மச்சாள். திருகிலை அரிசிமா ஒட்டியிருந்தது."

"பிறகேன் திருப்பி வைக்கேல்லை?"

"முதல் நாள் கோவத்திலை அழுதனான். பிறகு அந்த வேகமும் எனக்குப் போதாமல் போச்சுது. மாசத்துக்கு ஒருக்கா இன்னும் கொஞ்சம் கூட்டினது நான்தான்."

யன்னலுக்கு வெளியே பார்த்தபடி மெதுவாகக் கேட்டேன். "தம்பியிட்டைச் சொன்னனீரோ?"

"இல்லை மச்சாள்."

அவள் சொன்ன ஒன்றை நான் சந்தேகப்படாமல் நம்பியது அதுதான் முதல் தடவை.